நல்ல நேரத்தில் வெளிக்கிட்ட எலும்பு

பயணம் வெளிக்கிடும்போது பூனை குறுக்கே போனால் காரியம் கெட்டுவிடும் என்று மனிதர்கள் சொல்வார்கள். பூனைகளுக்காகப் பரிந்து பேசும் ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? எங்கள் வீட்டுப் பயணம் ஒன்று அடியோடு நாசமானது. அன்று வழிநெடுக ஒரு பூனைகூடக் குறுக்கே வரவில்லை. எங்களை ஏற்றிப்போன வான் வண்டிக்குள் இருந்த ஒரே மிருகம் நான்தான்.

என் பெயர் ஜிம்மி. இப்போது வயதாகிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், பின்கால் ஒன்று சொல்வழி கேட்பதில்லை. நான் பிறந்தது கொழும்பில், தெமட்டகொடையில், ரயில்வே குவாட்டர்ஸ் ஒன்றின் பின்பக்கம். அங்கே எனக்கு வைத்த பெயர் டைகர். அப்பா என்னை மட்டைப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவரும்போதே அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டார். (யுத்த காலத்தில் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் நின்று ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் "டைகர், ஓடி வா" என்று கத்தினால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.) இரண்டு பெயரில் எது நல்லது என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. சோற்றுக்கு எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் நான் போவேன் என்பதால் அதைப் பெரிதுபடுத்தவும் இல்லை.

வீட்டில் மூன்று பேர். அப்பா, அம்மா, அவர்களுடைய ஒரே மகன் சீலன். மூவரும் சண்டைக்குள் இருந்து தப்பிக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அப்பா அம்மாவுக்கு நான் காவல்நாய். சீலனுக்கு மட்டும்தான் நான் ஜிம்மி. அவன் படிக்கும்போது அவன் காலுக்கடியில் படுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டிறைச்சிக் கறி. அன்று மேசைக்குக் கீழே ஒரு கை வரும், கையில் எலும்பு இருக்கும். அந்தக் கை வராத ஞாயிற்றுக்கிழமை என் இளமையில் இருந்ததில்லை.

அந்த நாட்களில் தமிழ்ப் பெடியன் ஒருவன் கொழும்பில் நிம்மதியாக நித்திரை கொள்ள முடியாது. விடியற்புறத்தில் ஆமிக்காரர் வந்து சுற்றிவளைப்பார்கள். பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்டினாலும் சிலரை ஏற்றிக்கொண்டு போவார்கள். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் அம்மா சீலனுடைய அறைக் கதவடியில் போய் நிற்பார். (நின்று என்ன செய்யப் போகிறார் என்பது அவருக்கே தெரியாது.) இப்படி இருக்கும்போது சீலனுக்கு லண்டனில் படிக்க விசா வந்தது. அம்மாவின் கவலை எல்லாம் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. பிள்ளை பிடிபடாமல் பிளேன் ஏறிவிட வேண்டும்.

பிளேன் செவ்வாய்க்கிழமை பின்னேரம். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

"செவ்வாய்க்கிழமை தூரப் பயணம் வெளிக்கிடக் கூடாது தம்பி," என்றார் அம்மா.

"பிளேனுக்குப் பஞ்சாங்கம் தெரியாதம்மா. அது செவ்வாய்க்கிழமைதான் போகுது."

"பிளேன் போகட்டும். உன்ர பெட்டி ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடும். நான் ஐயரிட்டக் கேட்டிட்டன்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆள் போக வேண்டிய நாள் கூடாத நாளாக இருந்தால், முன்னதாக ஒரு நல்ல நேரம் பார்த்து அவருடைய பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பெட்டி வாசல்படி தாண்டிய அந்த நேரமே பயணம் தொடங்கிய நேரம். பிறகு செவ்வாய் வந்தாலும் இராகுகாலம் வந்தாலும் ஒன்றும் செய்ய ஏலாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அப்படி வெளியே வைத்த பெட்டியை இடையில் திறக்கக் கூடாது. திறந்தால் பயணம் தடைப்படும். அம்மா இதை அப்பாவுக்குச் சொன்னார், சீலனுக்குச் சொன்னார், தொலைபேசியில் கொட்டாஞ்சேனையில் இருக்கும் தன் தங்கை கமலாச் சித்திக்கும் சொன்னார். பெட்டி போய் இருக்கப்போவது சித்தி வீட்டில்தான். எனக்கு மட்டும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு, கறிச் சாப்பாடு முடிந்த கையோடு பெட்டி ஹோலின் நடுவில் வாய் திறந்து கிடந்தது. இடுப்பில் உடுக்கிற சாரம், சேட்டு, மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல்மா, நாலு பொலித்தீன் பைக்குள் சுற்றிய கருவாடு. நான் சுற்றிச் சுற்றி மணந்து பார்த்தேன். எல்லாம் சீலனுடைய சாமான். சீலன் எங்கேயோ போகப்போகிறான் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மேசைக்குக் கீழே வந்த எலும்பு இன்னும் என் வாயில் இருந்தது. நல்ல தொடை எலும்பு, ஒரு தலைப்பில் சதையும் மற்றத் தலைப்பில் மஜ்ஜையும். (இப்போது நினைத்தாலும் வாய் ஊறுகிறது. வெட்கங்கெட்ட வாய்.)

நாய்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. எலும்பைப் புதைத்த இடத்துக்கு நாய் திரும்பப் போகும். அதை யாரும் தடுக்க முடியாது. அப்படியானால் சீலனுடைய பெட்டிக்குள் என் எலும்பு இருந்தால், சீலன் போகும் இடத்துக்கு நானும் போக வேண்டிவரும்தானே? மனிதர்கள் டிக்கெட் என்று சொல்வது இதைத்தான் என்று நினைத்தேன். அந்த வயதில் நான் என்னைப் பெரிய புத்திசாலி என்று நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா விபூதி எடுக்கச் சாமியறைக்குள் போனார். நான் எலும்பைச் சாரங்களுக்கு அடியில் தள்ளி, மூக்கால் மூடிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் கதவடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அம்மா பெட்டியைப் பூட்டி, விபூதி பூசி, கண்ணை மூடிக் கும்பிட்டார். அப்பா அதை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். அப்படியாக என் எலும்பு, ஐயர் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில், பயணம் வெளிக்கிட்டது.

அடுத்த நாள் சித்தி தொலைபேசி எடுத்தார். அம்மாவின் பக்கத்துக் கதைதான் எனக்குக் கேட்டது.

"கருவாடுதான் கமலா... ஓம், நாலு பையில சுத்தித்தான் வெச்சனான்... மணந்தா மணக்கட்டும், ஒரு நாளைக்குப் பொறு... என்னது? திறந்து பாக்கிறதோ? உனக்கென்ன விசரோ! நாள் பாத்து வெளிக்கிட்ட பெட்டி. கையை வெச்சிடாத!"

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வான் வந்தது. வான் சுனிலுடையது. சுனில் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் சிங்களவர், நல்ல மனிதர். ஆமியின் சோதனைச் சாவடிகளில் அவர் தலையை வெளியே நீட்டிச் சிரித்துக் கதைத்தால் பாதிச் சோதனை குறையும் என்பதால், எங்கள் ஒழுங்கையில் யார் எயார்போட் போனாலும் சுனிலைத்தான் பிடிப்பார்கள். என்னைக் கூட்டிப் போகக் கூடாது என்று அம்மா சொன்னார். சீலன் கேட்கவில்லை.

"அவன் வரட்டும் அம்மா. சுனில் அண்ணையோட வானுக்குள்ள இருப்பான்தானே. திரும்பி வரேக்க உங்களுக்கும் ஒரு துணை."

நான் அப்போதே வானுக்குள் ஏறி, ஜன்னல் பக்கத்து இருக்கையைப் பிடித்துவிட்டேன். காலி வீதி என்னும் பெருந்தெரு முழுக்க நாக்கு வெளியே, காது பின்னால். தெருவோரத்தில் நின்ற நாய்களைப் பார்த்து நான் குரைத்த குரைப்பில் இருந்த திமிரை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. "போறேன் பார், லண்டன்!" என்பதுதான் அதன் சாரம்.

கொட்டாஞ்சேனையில் சித்தி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி வாசலில் நின்றார். பெட்டி பின்பக்கம் ஏறியதும் வானுக்குள் ஒரு மணம் எழும்பியது. எனக்கு அது சொர்க்கம். மற்றவர்கள் கண்ணாடிகளை இறக்கினார்கள்.

"அம்மா," என்றார் சுனில், தன்னுடைய தமிழில். "பேக் உள்ள என்ன இருக்கு? ஏதோ செத்த வாசம் வருது."

"கருவாடு சுனில்."

"எங்க வீட்டிலயும் கருவாடு இருக்கு அம்மா. இது அது இல்ல."

சீலன் பெட்டியில் கைவைக்கப் போனான். "ஒருக்காத் திறந்து பாப்பமே. லண்டன் முழுக்க மணக்கப் போகுது."

"தம்பி, இவ்வளவு தூரம் வந்திட்டம். பிளேன் ஏறுமட்டும் பொறு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்," என்றார் அம்மா. அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வாழ்நாள் முழுக்க அலுவலகத்தில் சட்டம் கதைத்த மனிதர் அவர். ஆனால் அன்று அவருக்கும் பயம். எதையாவது தொட்டு, எதையாவது கெடுத்துவிடக் கூடாதென்ற பயம். பெட்டி திறபடவில்லை.

ஆற்றுப் பாலம் தாண்டி, ஹெந்தளைப் பக்கம் திரும்பும் சந்திக்கு முன்னால் ஒரு சாவடி. சுனில் வழக்கம்போலத் தலையை நீட்டிச் சிரித்தார். அன்று சிரிப்பு எடுபடவில்லை. அன்று அங்கே ஒருத்தி இருந்தாள்.

கறுத்த நிறம், பளபளவென்ற உடம்பு, கழுத்தில் அகலமான வார். வெடிமருந்து மணந்து பிடிக்கப் பழக்கிய நாய். எல்லாரையும் இறக்கி, பெட்டியை எடுத்துத் தெருவோரத்தில் வைத்தார்கள். அவள் வந்தாள். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். சாரம் இருக்கும் பக்கத்தில் மூக்கை வைத்தாள். வைத்த மூக்கை எடுக்கவில்லை.

எங்களுக்குள் மொழிப் பிரச்சினை கிடையாது. "ஆடா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"ஆடு. தொடை," என்றேன் பெருமையோடு.

"எனக்குத் தகர டின்னில் இருந்துதான் சாப்பாடு," என்றாள் அவள். பாவம், சொல்லிவிட்டு அப்படியே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய தொழிலில், மணந்த பிறகு உட்கார்ந்தால் 'குண்டு இருக்கிறது' என்று அர்த்தம். இது அன்று எனக்கு எப்படித் தெரியும்? அவளைப் பிடித்திருந்த ஆமிக்காரரின் முகம் மாறியது. எல்லாரும் பின்னால் விலகினார்கள். யாரோ விசில் ஊதினார். நான் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூடக் காரியம் ஒருவேளை கொஞ்சத்தோடு போயிருக்கும். ஆனால் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இவள் என் டிக்கெட்டைத் தின்னப் போகிறாள்! சீலனுடைய கையில் இருந்து வாரைப் பறித்துக்கொண்டு பாய்ந்தேன். பெட்டியின் கைப்பிடியைப் பல்லால் பிடித்து இழுத்தேன். அவள் குரைத்தாள். நானும் குரைத்தேன்.

"ஜிம்மி! விடு! ஜிம்மி!" என்று கத்திக்கொண்டு சீலன் என்னைப் பிடிக்க ஓடிவந்தான். சந்தேகத்துக்குரிய பெட்டியை நோக்கி ஓடிவரும் ஒரு தமிழ்ப் பெடியன். அவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. துவக்குகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. நில் என்று சிங்களத்தில் கத்தினார்கள். சீலன் நடுத்தெருவில் முழந்தாளிட்டு, கைகளைத் தலைக்கு மேல் தூக்கினான்.

அவன் முழந்தாளிட்டதும் அவனுடைய முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. வீட்டில் அவன் அப்படிக் குனிவது என்னோடு விளையாடத்தான். நான் பெட்டியை விட்டுவிட்டு ஓடிப்போய் வாலை ஆட்டிக்கொண்டு அவனுடைய காதை நக்கினேன். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய கன்னம் உப்பாக இருந்தது. அசையாமல், உதட்டை மட்டும் அசைத்து, "பேசாம இரு ராசா, பேசாம இரு," என்றான். எனக்கு அப்போதுதான் முதன்முதலாகப் பயம் வந்தது.

தெருவை மூடினார்கள். வாகனங்கள் நீளத்துக்கு நின்றன. குண்டு அகற்றும் ஆள் வரும்வரை அம்மாவும் அப்பாவும் ஒரு மதிலோரத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். சுனில் ஒவ்வொரு ஆமிக்காரரிடமும் போய், நல்ல ஆட்கள் மாத்தயா, எனக்குத் தெரிஞ்ச ஆட்கள் மாத்தயா என்று ஆளுக்கு ஆள் 'ஐயா' போட்டுச் சிங்களத்தில் மன்றாடிக்கொண்டிருந்தார். கடைசியில் தலைக்கவசமும் தடித்த அங்கியும் போட்ட ஒருவர் வந்து, கயிற்றில் கொக்கி மாட்டித் தூரத்தில் இருந்தே பெட்டியைக் கிழித்துத் திறந்தார். சாரங்கள் பறந்தன. மிளகாய்த்தூள் பை வெடித்தது. காற்று எங்கள் பக்கம்தான். ஆமிக்காரர், அம்மா, அப்பா, மூடிய தெருவில் நின்ற பஸ்ஸுக்குள் இருந்த சனம், எல்லாரும் இனபேதமில்லாமல் தும்மினார்கள். அந்தத் தும்மலுக்கு நடுவில் என் எலும்பு உருண்டுவந்து தார்வீதியில் நின்றது.

பெரிய அதிகாரி ஒருவர் அதைக் குச்சியால் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மே பல்லாகெத?" இந்த நாயினுடையதா என்றார்.

"ஓம்... ஒவ் மாத்தயா," என்றார் அப்பா. அவர் தன் வாழ்க்கையில் அப்படிச் சிறுத்துப்போய் நின்றதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

ஆமிக்காரர்கள் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எலும்பைக் கறுத்தவளுக்கே கொடுத்துவிட்டார்கள். நல்லவர்கள்தான். ஆனால் சீலனுடைய அடையாள அட்டையும் பாஸ்போட்டும் அதற்கிடையில் வேறொரு இடத்துக்குப் போயிருந்தன. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததால், வெள்ளவத்தைப் பொலிஸில் கேட்டு உறுதிப்படுத்தும்வரை விட முடியாதாம். சிரித்தவர்களால் அதை மாற்ற முடியவில்லை. நாங்கள் காத்திருந்தோம். வெயில் இறங்கியது. மேலே ஒரு விமானம் போனது. அது அவனுடையதா, வேறொன்றா என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை. தெருவில் சிதறிக் கிடந்த சாரங்களைப் பொறுக்கி, தூசு தட்டி, மடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அதுதான் கஷ்டம்.

"நான்தான் திறக்க விடயில்லை," என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். "என்ர பிழைதான். என்ர பிழைதான்."

"நான் சொல்லியிருக்க வேணும். வாயை மூடிக்கொண்டு இருந்தன்," என்றார் அப்பா.

சீலன் என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தான். "இவன் எனக்கு வழிச்சாப்பாடு கட்டித் தந்தவன் அம்மா. வேற ஆர் தங்கட வாயில இருந்து எடுத்துத் தருவினம்?"

அது அப்படி இல்லை சீலன், அது எனக்கான டிக்கெட் என்று சொல்ல எனக்கு வழி இருக்கவில்லை.

வேறு டிக்கெட் எடுக்கும்வரை அவன் வீட்டில் இருந்தான். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. முதல் சில நாட்கள் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு விடியற்புறம் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். நான் குரைத்தேன். குரைத்து என்ன? பதிவுத் துண்டையும் விசாவையும் அம்மா கையில் ஏந்தி நிற்க, சீலனையும் கீழ்வீட்டுப் பெடியன்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் பின்னேரம் விட்டார்கள். அவன் வந்தான். சாப்பிடவில்லை. நிலத்தில் உட்கார்ந்து என் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனில் அவனுடைய மணம் இல்லை. வேறு ஆட்களின் மணமும் பயத்தின் மணமும் இருந்தது. அந்தப் பிளேனில் அவன் போயிருந்தால் அந்த ஒரு இரவு அவனுக்கு வந்திராது. அதை நினைத்து நான் இன்றைக்கும் கவலைப்படுகிறேன்.

இரண்டாம் முறை அம்மா ஐயரிடம் போகவில்லை. இராகுகாலமா, மரணயோகமா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பெட்டியை அப்பா அடியோடு கொட்டி, ஒவ்வொரு சாரமாக உதறி அடுக்கினார். என்னைப் பிடித்துக் குளியலறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார்கள். சீலன் வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்ல அவனுக்கு என்ன நியாயம் இருந்தது? படியில் பெட்டி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு அவனுடைய காலடி திரும்பி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"ஜிம்மி, போயிட்டு வாறன்," என்றான். "அம்மாவைப் பாத்துக்கொள்."

கதவைப் பிறாண்டினேன். திறந்தால் நான் படியால் பாய்ந்து ஓடிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். கதவு திறக்கவில்லை. வான் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் வெளிநாடு போனாலும், "ஜிம்மி பெட்டியைச் செக் பண்ணிட்டானோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். கொட்டாஞ்சேனைச் சித்தி இந்தக் கதையைக் கலியாண வீடுகளில் சொல்கிறார். அவருடைய கதையில் எலும்பு ஒரு முழு ஆட்டுத்தலையாக வளர்ந்துவிட்டது. அதை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அம்மா சொல்லும் பகிடி ஒன்று இருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனில் இருந்து தொலைபேசி வரும். எல்லாரும் கதைத்து முடிந்ததும் அம்மா தொலைபேசிக் குழலை என் காதுக்குப் பக்கத்தில் பிடிப்பார். "ஜிம்மி," என்று சீலன் கூப்பிடுவான். ஆள் இல்லை, மணம் இல்லை, குரல் மட்டும். முகமில்லாமல் அந்தக் குரலை நான் கடைசியாகக் கேட்டது ஒரு கதவு வழியாகத்தான். நான் நொண்டிக்கொண்டு குளியலறைக்கு ஓடுவேன்.

"தம்பி, இண்டைக்கும் போயிட்டான்!" என்று அம்மா குழலுக்குள் சொல்லிச் சிரிப்பார். "உன்னைக் குளியலறைக்குள்ள தேடுறான்!" அந்தப் பக்கம் சீலனும் சிரிப்பான். கொஞ்ச நேரத்தில் அம்மா மூக்கை உறிஞ்சுவார்.

உள்ளே ஒரு வாளியும் ஒரு கோப்பையும்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் வாளிக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருவேன்.